மறியல் நாளில் அண்ணன் போட்ட தூண்டில்

நினைவு மலர்களில் வருகிறவர்கள் எல்லோரும் பொய்யே பேசாதவர்களாக இருக்கிறார்கள். எங்கள் அண்ணனைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. பிடித்த மீனின் அளவை அவர் ஒருநாளும் உள்ளபடி சொன்னதில்லை. விரல் நீளக் கெண்டைக்கு இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுவார். "அப்போ கொழம்புல கெடக்கறது இன்னாண்ணா, அதோட குட்டியா?" என்று கேட்டால், "வெந்தா சுருங்கிடும்மா" என்பார். மற்றபடி அவர் நல்லவர். அவர் மறைந்து ஓராண்டு ஆகும் இந்த நாளில் உறவினர்களும் நண்பர்களும் அவரைச் சிரித்தபடியே நினைக்க வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அந்த வேலையை என்னிடம் கொடுத்ததும் அவர்தான்.

அண்ணன் பிறந்தது களமருதூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். அப்பா குத்தகை நிலத்தில் நெல் வைத்தவர். அண்ணன் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது அப்பா காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு காலையில் வயல், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி வயல் என்று ஓடினார். அந்த நாட்களில் அவர் ஒருமுறைகூட அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. சாப்பாடு குறைவாக இருந்தால் மட்டும் அலுத்துக்கொள்வார். அம்மாவையும் என்னையும் கரையேற்றியது அவர்தான். எனக்குக் கல்யாணம் முடித்த பிறகுதான் தனக்கு என்று அவராகவே ஒரு முடிவும் செய்துவைத்திருந்தார்.

பிறகு அவருக்குக் கால்நடை ஆய்வாளர் வேலை கிடைத்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போட்டார்கள். மற்றவர்கள் மலைக்குப் போட்டுவிட்டார்களே என்று மாற்றல் கேட்டு அலைவார்கள். அண்ணனோ மலையில் ஓடை இருக்கிறது என்று தெரிந்ததும் சந்தோஷமாகக் கிளம்பினார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடப் போன இடத்தில், ஒரு மழை நாள் சாயங்காலம், ஈசல்கள் தண்ணீரில் விழுவதையும் கெண்டைகள் துள்ளித் துள்ளி அவற்றைப் பிடிப்பதையும் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து மண்புழுவை விட்டுவிட்டார். சேவல் இறகைக் கிள்ளி, தூண்டில் முள்ளில் தையல் நூலால் கட்டி, ஈசல் மாதிரி தண்ணீர்மேல் மிதக்க விடுவதே அவருடைய மீன்பிடி. ஊசி போட்டுக்கொண்ட சேவல்கள் வாலில் ஓர் இறகு குறைந்து வீடு திரும்பின. "சாரு, மீனுக்கு ரெக்கையக் காட்டி ஏமாத்தப் பாக்கறீங்களே, அது இன்னா பைத்தியமா?" என்று மலை ஊர் நண்பர்கள் சிரித்தார்களாம். முதல் இரண்டு மழைக்காலம் மீன்கள் அவர்கள் பக்கம்தான் இருந்தன.

"ஆரம்பத்துல எவனாச்சும் எனக்கு இதச் சொல்லியிருந்தா..." இது அண்ணன் வாயில் தினம் வரும் பேச்சு. தூண்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இப்படித்தான் ஆரம்பிப்பார். தொடக்கத்தில் அவர் நூலை அக்கரை வரைக்கும் வீசினார். பெரிய மீன் தூரத்தில்தான் இருக்கும் என்று நினைப்பு. "மீனு காலடியில கெடந்திருக்குது. நான் அதும் தலைக்கு மேல வீசிக்கினு இருந்திருக்கேன்" என்பார். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் வீசி, மாமரக் கிளையையும் ஒருவர் தலைப்பாகையையும் தன் காதையும் பிடித்திருக்கிறார். காதில் சிவப்பு இறகோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அம்மா, "மலையில இன்னாடா வேண்டுதலு?" என்று கேட்டார்.

இறகு விஷயத்திலும் அதே கதைதான். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று சிவப்பும் பச்சையுமாகக் கட்டினார். தண்ணீரில் அன்றைக்கு என்ன பூச்சி விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. "நமக்குப் புடிச்சது வேற, மீனுக்குப் புடிச்சது வேற" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். மீன் வாயைத் திறந்ததும் பதறிக்கொண்டு இழுக்கக் கூடாது, அது வாயை மூட நேரம் கொடுக்க வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளை உடுத்திக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கக் கூடாது. நாம் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் மீன் நம்மைப் பார்த்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு, இறகுத் தூண்டில் வெளிநாடுகளில் பெரிய கலை என்று அவர் மகன் செல்போனில் காட்டினான். அண்ணன் முழுவதையும் பார்த்துவிட்டு, "நான் மலையில கண்டுபுடிச்சத எவனோ பார்த்துட்டு அங்க போய்ச் சொல்லிட்டான்டா" என்றார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகக் கோளாறு அவரைப் படுத்தியது. கள்ளக்குறிச்சிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த நாட்களிலும் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் திணறிய நர்ஸ் பெண்ணிடம், "பதறாதம்மா, மாடே எனக்குப் பொறுமையா நின்னிருக்குது, நான் நிக்க மாட்டனா?" என்றார். ஒரு காலை நேரம், அண்ணி காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அமைதியாகப் போய்விட்டார். வீட்டில் பெரிய சத்தம் ஓய்ந்துபோயிற்று. எனக்கு அவர் இல்லாதது இன்றும் பொறுக்கவில்லை.

நன்றியைக் கடைசியில் சொல்வது வழக்கம். நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், கவனித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், மழையில் மலையிலிருந்து இறங்கி வந்து அவரைத் தோள் கொடுத்துத் தூக்கிய வெள்ளிமலை நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை கூடவே இருந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு நன்றி இருக்கிறது. அதற்கு என் கல்யாணக் கதையைச் சொல்ல வேண்டும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் தட்டினால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. அந்த நேரத்தில்தான் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னொரு எடமும் பார்க்க வேண்டியது இருக்குதுங்க. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குப் பழக்கம்தான்.

பஸ் ஏறப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். தியாகதுருகத்துப் பக்கம் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டு மறியல், பஸ் ஒன்றும் ஓடவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டிவலி, நடக்கவும் முடியாது. எதிரில் இருந்த பங்காளி வீட்டில் படுக்க இடம் கொடுத்தோம். படுக்கை பிரச்சினை இல்லை, சாப்பாடுதான் பிரச்சினை. சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சோற்றில் கை வைத்தால் சரி என்று சொன்னதாக ஆகிவிடும். பலகாரம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அரிசியில் செய்தது எதுவானாலும் சோறுதான். இட்லியைக்கூடத் தொட மாட்டேன் என்றுவிட்டார். பங்காளி வீடும் பெண் வீடுதானே என்று அங்கேயும் மறுத்தார். கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பகலும் ஒரு இரவும் ஓட்டினார்கள். இட்லி சோறாகாது என்பது என் மாமியாரின் கட்சி. அவர் எதிர் வீட்டு அடுக்களையில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

மறுநாளும் வழி திறக்கவில்லை. அண்ணன் எதிர் வீட்டு வாசலில் போய் நின்று, "ஐயா, சும்மா ஒக்காந்துகினு இன்னா பண்றது? அணைக்கு மேல ஆத்துப் பக்கம் போய்ட்டு வரலாம் வாங்க" என்று அப்பாவையும் பிள்ளையையும் கூப்பிட்டார். அம்மா அவரைத் தனியாக இழுத்து, "வந்தவங்கள மீன் புடிக்கக் கூட்டிக்கினு போறியே, அறிவு இருக்குதாடா ஒனக்கு? எதுனா கோச்சிக்கினா இருக்கறதும் போயிடும்" என்றார். "நீ கம்முனு இரும்மா" என்று அண்ணன் கிளம்பிவிட்டார். ஒரு பையில் வரட்டியும் இன்னொன்றில் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டார். கோமுகி ஆற்றங்கரையில் நடந்ததை அண்ணன் ஒரு மாதிரியும் என் கணவர் வேறு மாதிரியும் சொல்வார்கள். இருவரும் ஒத்துக்கொள்வதை மட்டும் எழுதுகிறேன்.

மழை விட்டு ஈசல் பறந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அண்ணன் குனிந்து தன்னைப் பார்த்திருக்கிறார். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முன்னால் கௌரவமாக இருக்க வேண்டும் என்று சலவை வேட்டி, சலவைச் சட்டை. மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் அதைவிட வெளுப்பு. மூன்று பேரும் கரையில் கொக்குகள் போல நின்றிருக்கிறார்கள். "இத எவனும் எனக்குச் சொல்லலன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சிகினே செஞ்சிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு, அண்ணன் சேற்றை அள்ளித் தன் வேட்டியில் பூசிக்கொண்டார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் பூசிக்கொண்டார். அவர் அப்பா முறைத்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, கோச்சிக்காதீங்க. உங்க வேட்டி வெளுப்பு மீனுக்குக் கண்ணு கூசுது. அந்தப் பொதருக்குப் பின்னால ஒக்காருங்க" என்றார். சம்பந்தியாகப் போகிறவரைப் புதருக்குப் பின்னால் உட்கார வைத்த ஆள் எங்கள் அண்ணன் ஒருவர்தான். அவரும் பசியில் வாதாட முடியாமல் போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைக்குத் தூண்டில் புதிது. நூல் சிக்கியது. முள் கட்டைவிரலில் ஏறியது. நல்ல மீன் ஒன்று நூலை அறுத்துக்கொண்டு போனது. "கைக்கு வந்தத வுட்டுட்டியேடா" என்று புதருக்குப் பின்னாலிருந்து திட்டு வந்தது. கடைசியில் நாலைந்து கெண்டைகளைப் பிடித்தார். அண்ணன் வரட்டியைப் பற்றவைத்துச் சுட்டார்.

"சாப்புடுங்கய்யா. இதுல அரிசி இல்ல. இது எங்க வூடும் இல்ல, ஆத்து மணலு. மீனப் புடிச்சதும் உங்க புள்ள."

மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டிவிட்டு நிறுத்தினார். "உப்பு யாரு வூட்டுது?"

வேறு எவராக இருந்தாலும் கடையில் வாங்கியது என்று சமாளித்திருப்பார்கள். அண்ணன், "எங்க வூட்டுதுதாங்க" என்றார். மாப்பிள்ளை மீனை எடுத்துக் கடித்தார். "எனக்குப் பசிக்குதுப்பா. இன்னொரு எடமெல்லாம் பார்க்க வேணாம்" என்றார். அவர் அப்பா பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "கை நனைச்சிட்டியா? அப்ப எனக்கும் ஒண்ணு குடு."

அவர்கள் ஆற்றிலிருந்து திரும்பி வந்து செய்தி சொன்னதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதார். எதிர் வீட்டில் அரிசி களைய ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தடியில் அண்ணன் தோட்டத்துப் பக்கம் வந்தார். மீன் வாடையும் சேறுமாக இருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பையனப் பத்தித் தெரிஞ்சிக்கத்தான் கூட்டிக்கினு போனேன்" என்றார். "நூலு சிக்குச்சு, கையில முள்ளு ஏறுச்சு, மீனு அறுத்துக்கினு போச்சு, அப்பங்காரரு திட்டுனாரு. எதுக்கும் மொகம் மாறல, சிரிச்சிக்கினு இருந்தான். நல்ல பையன்தான். ஆனா கட்டிக்கப் போறது நீ. ஒனக்குப் புடிச்சிருக்குதா? வேணாம்னா இப்பவே சொல்லு. அவங்க சோத்துல கை வெக்கறதுக்குள்ள நானே போய்ச் சொல்லிடறேன். கெட்ட பேரு என்னோட போவட்டும்."

அடுக்களையிலிருந்து அம்மா, "எல்லாம் கூடி வந்த நேரத்துல இன்னா கேள்விடா இது?" என்று கத்தினார். அண்ணன் அசையாமல் அங்கேயே நின்றார்.

"புடிச்சிருக்குண்ணா" என்றேன்.

அவர் கிட்டே வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "நெசமாவா? இல்ல, ஒனக்கு முடிஞ்சாத்தான் நான் கட்டிக்குவேன்னு சொல்றியா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் என் கல்யாணத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. என்னைக் கேட்டவர் அண்ணன் ஒருவர்தான். அதுவும் இரண்டு தரம் கேட்டார். அதற்கு நான் அவர் இருந்தவரை நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிண்டல் பண்ணியிருப்பார். இப்போது சொல்கிறேன், அண்ணா.