தார் பூசாத இடம்

போன மாதம் ஹட்டனிலிருந்து திரும்பும்போது பஸ் பழுதாகி, டேம் ஓரத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். கீழே ஏதோ ஹோட்டலின் உல்லாசப் படகைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். நீளமான இரண்டு மிதவைகளின் மேல் தளம் போட்ட படகு. உளுத்த பலகையை இரண்டு பேர் பெயர்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் தார் டின் கொதித்தது. ஈரப் பலகையும் தாருமாக அந்த வாடை மேலே ஏறி வந்தது. மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானோ, 'அடிப்பக்கம் முழுக்கப் பூசுவானுங்களா' என்று கவலைப்பட ஆரம்பித்தேன். யார் படகோ, எனக்கென்ன? ஆனால் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு, கவலைப்படுவது ஒன்றுதான் யாரும் சொல்லித்தராமல் வந்தது.

அறுபதுகளில் ஆற்றை மறித்துத் தண்ணீர் ஏற்றியபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்திலிருந்த லயங்கள், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், மூழ்கின. ஆட்களை மேட்டில் புது லயங்களுக்கு மாற்றினார்கள். கொழுந்து பறிக்கும் மலையில் பாதி அக்கரையாகிவிட்டது. அங்கே போய்வர ஒரு தெப்பம் கட்டினார்கள். காலி எண்ணெய்ப் பீப்பாக்களைச் சட்டத்தில் பிணைத்து, மேலே பலகை அடித்தது. கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தால் போகும். மட்டமான பலகை, இரண்டு மழைக்கே காலை உள்வாங்க ஆரம்பித்தது.

"பலகைக்கு எதுக்கு ஹட்டனுக்குப் போகணும்? பழைய லயத்துக் கதவெல்லாம் ஸ்டோருல சும்மாதான கெடக்கு" என்றார் கணக்கப்பிள்ளை. தண்ணீர் வருமுன் கழற்றிய கதவுகள், நல்ல மரம். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சிங்களத் தச்சர் சோமபால பாஸ் மர வேலை, நான் ஆணியும் தாரும். அடிப்பக்கம் தார் பூசி, கதவுகளை மல்லாத்தி அடித்து முடித்தோம். பாஸ் மேலே ஏறிக் குதித்துப் பார்த்து, "லாரியே ஏத்தலாம் மல்லி" என்றார். தம்பி என்பதற்கு அவர் வாயில் சிங்களத்தில் மல்லிதான் வரும்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து கூடையோடு இறங்கி வந்த பெண்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். கதவில் சந்தனப் பொட்டும் குங்குமமும் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் கையால் வைத்தது.

"அய்யோ, இது எங்க வீட்டுக் கதவுடி! இதப் போயி மிதிக்கிறதா?"

"எங்க வீட்டுது அந்தா ஓரத்துல கெடக்கு. அதுல ஓங்க மாமியா ஏறுனா தெப்பம் கவுந்துரும், சொல்லிப்புட்டேன்."

சிரிப்பு வந்தது, ஆனால் ஒருத்தியும் ஏறவில்லை. கணக்கப்பிள்ளை கத்தினார். "இன்னைக்கு ஏறாதவளுக்குப் பேரு கெடையாது!" பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதற்குப் பயந்து ஒவ்வொருவராகச் செருப்பில்லாத காலைக் கழுவிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். முத்தம்மா அக்கா மட்டும் ஏறவில்லை.

அவருடைய கதவு நட்டநடுவில் கிடந்தது. புகையேறிக் கறுத்த மரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அவர் மகள் சட்டிக்குள் கையை விட்டு அப்பியது. தண்ணீர் வருமுன்னே காய்ச்சலில் போன பிள்ளை அது. பழைய லயத்துக்குக் கீழே புதைத்த இடமும் இப்போது தண்ணீருக்கு அடியில்.

"பேரு வேணாம். தோட்டத்த விட்டே வெரட்டுங்க. எம்புள்ள கைய மிதிச்சிக்கிட்டு நான் போக மாட்டேன்."

கணக்கப்பிள்ளை பேர் எழுதும் புத்தகத்தை மூடினார். நான் பாஸைப் பார்த்தேன். "அனே தெய்யனே, எல்லாம் கழட்டணுமா?" என்று சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாரே தவிர, ஆணி பிடுங்கியை முதலில் எடுத்தவர் அவர்தான். கதவுகளைக் குப்புறத் திருப்பிப் போடுவதென்று முடிவானது. பொட்டு வைத்த பக்கம் தண்ணீரைப் பார்க்கும், காலும் படாது.

அந்தப் பக்கத்துக்கும் தார் வேண்டுமே. முத்தம்மா அக்காவின் கதவு வந்ததும் என் கை ஓடவில்லை.

"அங்க மட்டும் பூசாத தம்பி."

"பூசலன்னா உளுத்துரும்க்கா. தண்ணி தெறிச்சு சுண்ணாம்பும் அழிஞ்சிரும்."

"அழியட்டும். அவகிட்டத்தான போகுது."

அந்தக் கையைச் சுற்றித் தார் பூசினேன். கையை விட்டுவிட்டேன். அன்று மத்தியானமே அக்கா தெப்பத்தில் ஏறி, அந்தக் கதவின் மேல் உட்கார்ந்து அக்கரை போனார். அதன் பிறகு எனக்குத்தான் நிம்மதி போயிற்று. உளுப்பு அங்கிருந்துதானே ஆரம்பிக்கும்? சனம் ஏறும்போதெல்லாம் அந்த இடத்தைக் குதிகாலால் தட்டிப் பார்ப்பேன். பாஸ் கேலி செய்வார். சில நாள் கீழேயிருந்து பதிலுக்குத் தட்டுகிற மாதிரி இருக்கும். அலைதான் என்று சொல்லிக்கொள்வேன்.

பிறகு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ரோடு போட்டார்கள். முத்தம்மா அக்கா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. சும்மா கிடந்த தெப்பம் ஓர் ஆடி மழையில் கயிறறுந்து போனது. பீப்பாக்கள் எல்லாம் அணைக்கட்டில் போய் ஒதுங்கின. கதவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "மரம் மெதக்கணுமே மல்லி, எங்க போச்சு?" என்று பாஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அவரும் இல்லை.

கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய லயத்துச் சுவர்கள் வெளியே தெரியும். வரிசையாக வெறும் வாசல்கள்தானாம், பேரப்பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் போனதில்லை. போய் நிற்கும்போது, அதில் ஒரு வாசலில் மட்டும் கதவு சாத்தியிருந்தால்?