தூங்காதவனை நம்பிய சந்து

எனக்குத் தூக்கம் வராது என்பது எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். நானாக யாரிடமும் போய்ச் சொன்னதில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நான்தான் சொன்னேன். தூக்கம் வராதவனுக்கு அதைத் தவிரப் பேச வேறு விஷயமே இருக்காது. மீன் வாங்கப் போனால் மீன்காரம்மாவிடம் சொல்வேன். முடிவெட்டப் போனால் அங்கேயும் சொல்வேன், சொல்லிக்கொண்டே நாற்காலியில் தூங்கியும் விடுவேன். "என்ன காக்கா, தூக்கம் வரலன்னு சொல்லிக்கிட்டே கொறட்ட விடுறீங்க" என்று முடிவெட்டுகிறவர் என் தலையைப் பிடித்து நிமிர்த்துவார். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். பகலில், நாலு பேர் கண்ணெதிரில், வாயைத் திறந்துகொண்டு என்றால் எனக்குத் தாராளமாகத் தூக்கம் வரும். ராத்திரியில், மெத்தையில், மனைவி பக்கத்தில் என்றால் வராது.

வளைகுடாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம். இரண்டடுக்குக் கட்டிலில் எனக்கு மேல் தட்டு. மூக்குக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. ஏசி, மேடேறும் லாரி போல உறுமிக்கொண்டே இருக்கும். கீழே ஒருவர் கொறட்டை, எதிரே ஒருவர் போனில் குடும்பச் சண்டை. அந்தச் சந்தைக்கடைக்கு நடுவே நான் அடித்துப் போட்டாற்போல் தூங்குவேன்.

எங்கள் கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்த் தங்க வேண்டும். நானும் அப்படித்தான் போனேன். போன கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறினேன். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, விருந்து சாப்பிட்டு, பெட்டி கட்டித் திரும்பினேன். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டுப் பூனைகூட என்னைவிட அதிக ராத்திரிகள் அங்கே தூங்கியிருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்து, அவளுக்கும் ஒரு வீட்டைக் கட்டி முடித்தபிறகு, போதும் என்று ஒரேயடியாக வந்து சேர்ந்தேன். வந்த அன்றைக்கு என் மனைவி புது மெத்தை, புது விரிப்பு எல்லாம் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்கே தூக்கம் போனது. திரும்பி வரவில்லை.

மாதங்கள் ஓடின. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. ஒரு நாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டேன். என் நிலையைக் கேள்விப்பட்டு, அங்கே அறையில் கூட இருந்த நண்பன் போன் செய்தான். என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, நோன்புப் பெருநாள் முடிந்ததும் வருகிறேனா இல்லையா என்று சொன்னால் போதும் என்றான். அதை மனைவியிடம் சொன்னேன். "இங்கன தூக்கமே வர மாட்டேங்குது. அங்கன போனாத்தான் ஒடம்பு தேறும் போலருக்கு" என்றேன். ஏதோ மருந்து வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போய் வருகிறவன் மாதிரிதான் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டை முடித்து அடுத்ததைப் பிரித்தாள். அப்புறம், "பெருநாளைக்கு இன்னும் நாளு இருக்குல்ல மச்சான்" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் நான் தூங்கினால் இருப்பேன், தூங்காவிட்டால் கிளம்புவேன் என்பது அந்தக் கீரைக்கட்டுக்கு முன்னால் முடிவாயிற்று.

அதிலிருந்து அவள் வைத்தியத்தில் இறங்கினாள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள். ஜாதிக்காயை இழைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் ராத்திரி ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். ருசியாகத்தான் இருந்தது. குடித்து முடித்தபிறகு என்ன போட்டாய் என்று கேட்டேன். "கசகசா" என்றாள்.

வெளிநாடு போகிற எந்த வீட்டிலும் கசகசா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இங்கே அது குருமாவில் அரைத்து விடுகிற சாமான். அங்கே பெட்டியில் ஒரு சிட்டிகை இருந்தாலும் போதைப் பொருள் வழக்கு. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் என் உம்மா கொடுத்துவிட்ட மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கசகசா கிடக்கிறதா என்று தேடியவன் நான். அது இப்போது ஒரு டம்ளர் அளவுக்கு என் வயிற்றுக்குள் இருந்தது. கீழக்கரையில் கசகசா குடித்தவனை யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

அடுத்து நானே ஒரு யோசனை செய்தேன். எனக்குக் குறைவது அந்த அறையின் சத்தம்தான் என்று தோன்றியது. நண்பனிடம் கேட்டு, ராத்திரி முழுக்க அறைச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அவனும் சளைக்காமல் அனுப்பினான். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். ஏசி உறுமியது, கொறட்டைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எனக்குக் கண்கூடச் சொருகியது. என் மனைவிதான் எழுந்து உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னிய ஆம்பளைங்க அத்தன பேரும் என் ரூம்புக்குள்ள கொறட்ட விடுறாங்க. நான் எங்கிட்டுப் படுக்குறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சத்தத்தைக் குறைத்து வைத்தேன். விடியும் நேரத்தில் அதே பதிவில் அறை நண்பனின் டூட்டி அலாரம் அடித்தது. நான் குதித்து எழுந்து கட்டிலுக்கு அடியில் ஷூவைத் தேடினேன்.

சத்தம் இல்லை, இடம்தான் காரணம் என்று அப்புறம் கண்டுபிடித்தேன். அகலமான கட்டிலில் உருள உருளத் தூக்கம் ஓடுகிறது, எனக்கு நெருக்கமான மேல் தட்டுதான் வேண்டும். வீட்டில் அப்படி ஓர் இடம் அடுப்படிக்கு மேலே இருக்கிற பரண்தான். ஒரு மத்தியானம் ஏணி வைத்து ஏறி, கல்யாணச் சமையலுக்கான தேக்சாப் பாத்திரங்களைத் தள்ளி வைத்துவிட்டு நீட்டிப் படுத்தேன். உண்மையிலேயே தூங்கிப்போனேன். அன்றைக்குப் பார்த்து மகளின் மாமனாரும் மாமியாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். சம்பந்தியம்மா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் வந்து, பரணிலிருந்து இரண்டு கால்கள் தொங்குவதைப் பார்த்து அலறினார். நான் எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. "பல்லி ஏதாச்சும் இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லி, மேலிருந்தபடியே சலாம் சொன்னேன். இன்றுவரை அவர்கள் வீட்டில் என்னைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்களாம்.

இப்படியே நோன்பு மாதம் வந்தது. சஹர், அதாவது விடிவதற்கு முன் சாப்பிட்டு நோன்பு வைக்கிற சாப்பாடு, எங்கள் சந்துக்கு எப்போதுமே பெரும்பாடு. ஊரின் ஓரத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறது. கடற்காற்று அடித்தால் சஹர் அறிவிப்பு ஊருக்குள்ளேயே போய்விடும். அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கிற ஆட்கள்தான் பூராவும். முதல் நோன்புக்கு எனக்கு எப்படியும் முழிப்புத்தானே என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். மறுநாள் எதிர் வீட்டிலும் தட்டச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "இனி யாரும் அலாரம் வைக்கத் தேவையில்லை. காக்கா இருக்காங்க."

அதைப் படித்ததும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன். வந்ததிலிருந்து வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தவனுக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய், உள்ளேயிருந்து "முழிச்சாச்சு காக்கா" என்று பதில் வந்த பிறகே நகர்வேன். சில வீடுகளில் பதில் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடுவார்கள். அடுப்படி லைட் எரிகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தபிறகுதான் அங்கிருந்து கிளம்புவேன். பிள்ளைகள் என்னைக் கண்டால் சிரித்தார்கள், பெண்கள் கறிவேப்பிலைச் சட்னி கொடுத்தனுப்பினார்கள். ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து வருகிறவர்கள், "காக்காவுக்குத் தூக்கம் வரணும்னு துஆச் செய்யுறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தூக்கம் வந்தால் அவர்களை யார் எழுப்புவது என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நோன்பு பாதி கழிந்திருக்கும். ஒரு நாள் கண்ணைத் திறந்தால் ஜன்னல் வெளுத்திருந்தது. காக்கை கத்தியது. உடம்பு பஞ்சாக இருந்தது, தலையில் பாரம் இல்லை, வாயோரம் எச்சில் ஒழுகியிருந்தது. எத்தனையோ மாதம் கழித்து ஒரு முழுத் தூக்கம்! அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் திறந்து சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் டார்ச் விளக்கு கண்ணில் பட்டது.

வெளியே ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். சிலர் பாங்குச் சத்தத்தில் எழுந்திருந்தார்கள், சிலர் அதற்கும் பிறகு. ஒருவர் கையில் சாப்பிடாத வாழைப்பழத்தோடு நின்றார். யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. சஹர் தவறினாலும் நோன்பு உண்டு என்பதால், வெறும் வயிற்றோடு அத்தனை பேரும் பங்குனி வெயிலைப் பார்த்தபடி நின்றார்கள். என்னைத் திட்டத்தான் வந்திருப்பார்கள். ஆனால் ஒரு பக்கக் கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு நான் நிற்பதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் காக்கா, இத்தன மாசம் தூங்காத ஆளு, இன்னைக்குத்தானா தூங்கணும்?"

"நம்ம துஆதான் கபூலாயிருக்கு, அல்லா கேட்டுட்டான்" என்றார் வாழைப்பழக்காரர். "தப்பு நம்ம மேலதான்."

அன்றைக்குப் பகல் முழுக்க நான் வெளியே தலை காட்டவில்லை. சந்தில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகளை அதட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு பெரிய சட்டி நிறைய நோன்புக் கஞ்சியும் வடையும் மனைவியைச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கி நாங்க அலாரம் வச்சிக்கிறோம் காக்கா" என்று மரியாதையாகச் சொன்னார்கள். என் உத்தியோகம் அத்துடன் போயிற்று.

கஞ்சி குடித்து முடித்ததும் மனைவியிடம் ஆற்றாமையைக் கொட்டினேன். "நீயாவது முழிச்சிருக்கக் கூடாதா புள்ள? தெரு பூரா பட்டினி கெடந்துச்சே" என்றேன்.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எப்பயும் போல மூணு மணிக்கு முழிச்சேன். திரும்பிப் பாத்தா நீங்க தூங்குறீங்க. மொதல்ல எனக்கு நம்பிக்கையில்ல. மூக்குல வெரல வச்சிப் பாத்தேன். மூச்சு வந்துச்சு. அப்புறம் ஒங்க போன சைலண்டுல போட்டுட்டு அசையாமப் படுத்துக்கிட்டேன். லைட்டப் போட்டா எந்திரிச்சிருவீங்க."

"நீ ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கலியா?"

"கட்டிலு கிரீச்சுன்னு சத்தம் போடும்ல."

"அத்தன வீட்டுக்காரங்களும் சாப்பிடலியே, அத நெனச்சியா?"

"நெனைக்காம என்ன? சஹர் இல்லன்னா நோம்பு கூடுமான்னு பள்ளிவாச ஆலிம்சா வீட்டம்மாகிட்டப் போன வாரமே கேட்டு வச்சிட்டேன். கூடும்னுட்டாங்க."

போன வாரமே கேட்டு வைத்திருக்கிறாள். என்றாவது நான் தூங்கிவிட்டால் சந்து முழுவதையும் பட்டினி போடுவது என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு விழித்துப் பார்த்திருக்கிறாள். நான் முழித்துக் கிடப்பதைக் கண்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். நான்தான் அந்த வீட்டில் முழித்திருக்கிற ஒரே ஜீவன் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்பயும் போல மூணு மணிக்குன்னா, எப்பயிருந்து?" என்று கேட்டேன்.

"நீங்க அங்கன இருந்தப்பயிருந்துதான். டூட்டி முடிஞ்சு நீங்க போன் பண்ணும்போது இங்கன நடுராத்திரி தாண்டியிருக்கும். பேசிட்டு வச்சா அப்புறம் தூக்கம் போயிரும். மூணு மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு வாசக் கதவப் பாத்துட்டு வந்து படுப்பேன். பழகிப்போச்சு."

பேசி முடித்து போனை வைத்ததும் அங்கே நான் அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருக்கிறேன். கேட்க வெட்கமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வடையில் மிளகாய் தூக்கல் என்றேன். வடையைச் சுட்டவள் அவள், நம்பவில்லை.

"போறதுன்னா போங்க மச்சான்" என்றாள், பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே. "ஆனா இங்கன தூக்கம் வரலன்னு சொல்லிட்டுப் போகாதீங்க. நேத்து நீங்க தூங்குனீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இப்போதும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வருகிறது. பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் நண்பனுக்குப் போன் போட்டு, வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான்.

"அப்ப தூக்கம் வர ஆரம்பிச்சிருச்சா காக்கா?"

"இல்ல" என்றேன். "ஆனா இங்கன தொணைக்கு ஒரு ஆளு முழிச்சிருக்கு."