முகர்ந்து பார்க்காத பன்னீர் ரோஜா

இந்த வசந்தத்தில், அமெரிக்காவில் எங்கள் ஃபிரிஸ்கோ வீட்டு வேலியோரம் ரோஜா பூத்தது. பீட்ரூட் சாறு போல அடர் சிவப்பு. அங்கே பூத்திருக்க வேண்டியது வெளிர் ரோஸ் நிறப் பன்னீர் ரோஜா.

அது என் மனைவியின் செடி. இந்த ஊர்க் களிமண்ணில் பன்னீர் ரோஜா வராது என்று நான் அடித்துச் சொன்னேன். அவள் நர்சரியில் வாங்கி வந்து வைத்தாள். வந்தது. பூக்கும் காலத்தில் வெள்ளிக்கிழமை காலையில் பறித்துச் சாமி படங்களுக்கு வைப்பாள். சாமிக்கு வைக்கும் பூவை யாரும் முகரக் கூடாது என்பதில் கறார். செடியில் இருப்பதும் சாமிப் பூதான் என்பது அவள் கட்சி. நான் மூக்கை நீட்டினால், "அங்க இருந்தே பாருங்க" என்று தட்டை நகர்த்திக்கொள்வாள். பதினோரு வருடத்தில் அந்தப் பூவை ஒரு தடவைகூட நான் முகர்ந்ததில்லை.

யாராவது கிளை கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். "ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுத்தா செடி என்னத்துக்கு ஆகும்?" என்று கத்துவேன். நான் பார்த்தவரையில் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவள் இறந்துபோனாள். அந்தக் குளிர்காலமே ஐஸ் மழை பெய்து செடி கருகிவிட்டது. வெயில் திரும்பியதும் இரண்டு துளிர்கள் வந்தன. ஒன்று பழைய தண்டில், நூல் மாதிரி. இன்னொன்று மண்ணுக்குள்ளிருந்து, கட்டைவிரல் தடிமனில். முப்பது வருடம் சாஃப்ட்வேர் எழுதியவனுக்குத் தோட்டம் எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு. சத்தெல்லாம் தடித்த கிளைக்கே போகட்டும் என்று மெலிந்ததை வெட்டிக் குப்பைப் பையில் போட்டேன். தடித்ததிலிருந்து ஐந்து துண்டுகள் நறுக்கித் தொட்டிகளில் நட்டு, ஈரம் காயாதபடி, அடி வெட்டிய பால் கேன்களால் மூடி வைத்தேன். ஐந்தும் வேர் பிடித்தன. அவள் படத்துக்கு முன்னால் போய் நின்று சொன்னேன், "பாத்தியா, அஞ்சும் பிடிச்சுக்கிச்சு."

அதில் ஒன்றை அடுத்த தெருப் பெண்ணுக்குக் கொடுத்தேன். மனைவியைக் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போய் வந்த பெண். நானாக ஒருவருக்குச் செடி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருடம் எதுவும் பூக்கவில்லை. இந்த வருடம் தாய்ச் செடியும் தொட்டிகளும் ஒரே சிவப்பு. வாசனையும் இல்லை. நர்சரிக்காரரிடம் போட்டோ காட்டினேன். அது ஒட்டுச் செடி, வேர் வேறொரு ரோஜாவுடையது, மண்ணுக்குள்ளிருந்து கிளம்புவது அந்த வேரின் கிளை என்றார். அப்படியானால் நான் வெட்டிப் போட்டதுதான் அவளுடைய ரோஜா. பையைக் கட்டித் தெருவோரம் வைத்ததும் நான்தான். வீட்டுக்கு வந்து கராஜில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"அங்கிள், நீங்க குடுத்தது டார்க் ரெட்டா பூத்திருக்கு. ஆன்ட்டி குடுத்தது லைட் பிங்க். ரெண்டும் வேற வெரைட்டியா?"

"ஆன்ட்டி எப்பம்மா குடுத்தா?"

"நாலு வருஷம் இருக்கும் அங்கிள். ஒரு சின்ன கட்டிங்தான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. திட்டுவீங்கன்னு."

"அது ஐஸ்ல சாகலையா?"

"தொட்டியிலதானே இருக்கு. வின்டர்ல கராஜுக்குள்ள மூவ் பண்ணிடுவோம்."

கார் சாவியைத் தேடப் பொறுமையில்லாமல் நடந்தே போனேன். பின்கட்டில் பெரிய தொட்டி, அதில் மூன்று பூக்கள். அதே வெளிர் ரோஸ். என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தச் செடி உலகத்திலேயே இருந்திருக்காது.

"எவ்வளவு வேணுமோ கட் பண்ணிக்கோங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். ஒரு கிளையும் ஒரு பூவும் போதும் என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். தட்டில் வைத்த பூவை எடுத்து மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தட்டை நகர்த்த ஆள் இல்லை.

முகர்ந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது. அவள் படத்துக்கு வைத்தேன்.