பேசுங்க, பதிவாகுது

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள், நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார். கைபேசி அடித்ததும் முந்தானையால் துடைத்துவிட்டு எடுத்தார். கடன் வசூலிப்பவன் கெட்ட வார்த்தையில் கத்தியது எனக்கே கேட்டது.

"பேசுங்க சாமி, எல்லாம் பதிவாகுது" என்றார் நிதானமாக. எதிர்முனை சட்டென்று அடங்கியது.

"நம்பரை மாத்திடலாமேங்க?" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரர் மாத்துனாருங்க. அப்புறம் சொந்தக்காரங்களுக்கெல்லாம் கூப்பிட்டு அசிங்கப்படுத்துனாங்க. அந்த வெக்கத்துலயே உசுரை உட்டுட்டாரு. அப்படி மிரட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க. பாவம், அவருக்குத் தெரியல. கடனை நான் கட்டிருவேன். மிரட்டுனவங்க மேல போலீசுல புகார் குடுக்கத்தான் இப்பப் போறேன்."

சேலத்துக்குள் நுழைந்ததும் முதல் நிறுத்தத்தில் அவர் இறங்க எழுந்தபோது நானும் எழுந்து வழிவிட்டேன். பேருந்து கிளம்பிய பிறகும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.