மூடினால் வா

மாரிச்செல்விக்கு ஒன்பது வயதில் காய்ச்சலோடு பார்வை போனது. நாற்பது வயதுவரை சோழபுரத்தில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிட்டதில்லை. பிறகு, ராஜபாளையத்துக்கு மேற்கே கண்ணுச்சாமி தன் தோப்பில் சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை போட்டார். நான்கு ஈமு, முயல்கள், வாத்துகள். ஊர் ஒதுக்கிய ஆட்களாகப் பார்த்து வேலைக்கு வைத்தார். மாரிச்செல்வியும் காது கேளாத சூசையும் அவர்களில் இருவர்.

வாத்துக் கொட்டிலைக் கழுவுவது இவர்கள் பாடு. நீள ரப்பர் ஓஸின் ஒரு முனையில் சூசை, மறுமுனையில் குழாயடியில் மாரிச்செல்வி. தண்ணீர் வந்தால் கழுவ வேண்டும். நின்றால் ஓஸைச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். இருவருக்கும் இருந்த பேச்சு அவ்வளவுதான். "ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு, டீயும் ஒண்ணுதான்" என்பார் கண்ணுச்சாமி. இரண்டு டீ வராமல் அவள் குழாயைத் திறந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. திருவில்லிபுத்தூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. ஓஸின் நடுவில் உஸ்ஸென்று சத்தம். எங்கோ ஓட்டை விழுந்து நீர் பீறுகிறது என்று நினைத்தாள். குனிந்து, ஓஸைத் தடவிக்கொண்டே நாலு எட்டு போனாள். ஈரமே இல்லை. திரும்பி வந்து குழாயை மூடினாள்.

சத்தம் நிற்கவில்லை.

குக்கர் ஆவி விடுவதுபோல நீண்டது. கண்ணாடிவிரியன். தடவிப்போன விரல்கள் தாமாக மடங்கின. அதற்குள் காலடியில் ஓஸ் நகர்ந்தது. சூசை வருகிறார். குழாயை மூடி அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

முழுக்கத் திறந்தாள். செருப்புச் சத்தம் நின்றது, திரும்பிப் போனது. கொட்டில் தரையில் மறுபடி தண்ணீர் விழுந்தது. அப்புறம்தான் கண்ணுச்சாமியைக் கூப்பிட்டாள்.

ஓடிவந்தவர் தள்ளியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, அசையாத."

"எம்புட்டு தூரத்துல கெடக்கு?"

அவர் இன்னும் ஓரடி பின்வாங்குவது கேட்டது.

"என்னைய விடுங்க அண்ணாச்சி. தொட்டியில தண்ணி தீரப்போவுது. நின்னா அவரு வந்துருவாரு. பின்னால சுத்திப் போயி அவரப் பிடிங்க."

அவர் ஓடினார். குழாய் இருமியது, காற்றை விட்டது, ஓய்ந்தது. சீறலும் ஓய்ந்திருந்தது. போய்விட்டதா, பக்கத்தில் கிடக்கிறதா? ஓஸ்மீது பாதத்தை வைத்துக் காத்திருந்தாள். ஓஸ் நகரவில்லை.

வெகுநேரம் கழித்து கண்ணுச்சாமி வந்து, சூசையைப் பிடித்துக்கொண்டதாகவும் பாம்பு வேலிப்பக்கம் போய்விட்டதாகவும் சொன்னார். எப்போது போனது என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் குழாயைத் திறந்தாள். கழுவி முடிந்து நேரமானது. அவள் கை குழாயிலேயே இருந்தது, மூடவில்லை. சூசை சுத்தமான தரையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.