பருந்தை ஓட்டிய மனிதர்

இரண்டு சுட்டுவிரல்களின் நுனியிலும் சிறகை ஏந்திக்கொண்டு றொட்னி மூச்சை அடக்குகிறார். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியில் செய்து ரிமோட்டால் பறக்க விடும் நான்கடி அகலமான சிறகு அது. வால் கிடையாது, உடம்பென்று சொல்லவும் ஒன்றுமில்லை. அடியில் பேனாவால் இட்ட இரண்டு புள்ளிகளில்தான் விரல்கள் நிற்க வேண்டும். பின்பக்கம் சாய்கிறது. கீழே இறக்கி, பெட்டரியை ஒரு நூல் முன்னால் தள்ளி, மறுபடி ஏந்துகிறார். இப்போது மூக்கு மெல்லத் தாழ்கிறது. "மனுசனுக்குத் தலக்கனம் ஆகாதுங்க. இதுக்கு இல்லாட்டி கரணம் போட்டு விழுந்துரும்" என்கிறார். மேசையின் மறுபக்கத்தில் கறிக்குக் கோவா இலை நறுக்கிக்கொண்டிருக்கும் அவர் மனைவி சூசையம்மா நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கேட்கிற வசனம் இது.

றொட்னிக்கு ஐம்பத்தெட்டு வயது. குடியிருப்பது மஹய்யாவவில், கண்டியில் தனியார் பஸ் நிலையமொன்றில் டைம்கீப்பர். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் பின்நேரம் நான்கு வரை நின்ற நிற்பு. பிந்திய சாரதியும் திட்டுவான், முந்திய சாரதியும் திட்டுவான், இடையில் பயணிகளும் தங்கள் பங்குக்குத் திட்டுவார்கள். முன்பெல்லாம் திருப்பத்தில் பஸ் தலைகாட்டும்போதே இலக்கத்தைச் சொல்லிவிடுவார். இப்போது ஹோர்ன் சத்தத்தை வைத்துச் சொல்கிறார். அதையும் ஒரு திறமை என்று கூட வேலை செய்பவர்கள் மெச்சுகிறார்கள்; அவரும் மறுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூட அலுப்பு. கதிரையில் விழுந்து, "உசிரு மட்டுந்தான் மிச்சம், சூச" என்பார். அரை மணி நேரத்தில் அதே ஆள் எழுந்து ரெஜிபோம் அறுத்துக்கொண்டிருப்பார்.

ரெஜிபோம் வருவது திகனயிலிருந்து. அங்கே மின்சாதனக் கடை வைத்திருக்கும் பஹீம், குளிர்சாதனப் பெட்டிகளோடு வரும் கட்டிகளை அவருக்கென்று எடுத்து வைப்பார். சூடேறிய கம்பியால் அதை அறுத்து, உள்ளே பழைய தூண்டில் கம்பொன்றைப் பதித்து, மேலே டேப் சுற்றினால் சிறகு தயார். பின்விளிம்பில் இரண்டு மடல்கள். இரண்டும் சேர்ந்து நிமிர்ந்தால் ஏறும். ஒன்று நிமிர்ந்து மற்றது தாழ்ந்தால் திரும்பும். விசிறி இருப்பதும் பின்னால்தான். ஆரம்ப காலத்தில் அதைச் சுழலவிட்டே எறிந்ததில் சின்னவிரல் நுனி பிளந்தது. இப்போது முதலில் எறிகிறார், "மாதாவே" என்று ஒருமுறை சொல்கிறார், அதற்குப் பிறகுதான் மோட்டரை முடுக்குகிறார். ட்ரோனா என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "கமரா இல்ல, கிமரா இல்ல. சும்மா றெக்கைங்க. பறக்கும், அவ்வளவுதான்."

பறக்க விடுவதும் திகனயில்தான், பஹீமின் மச்சானுடைய வயலில். அறுவடை முடிந்த மாதங்களில், ஞாயிறு முதற் பூசை கண்ட கையோடு, சிறகைத் தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பஹீமிடமும் ஒரு விமானம் இருக்கிறது. கடையில் வாங்கியது, சிவப்பு நிறம், வாலுள்ளது. வாலிருந்தால் எட்டத்தில் போனாலும் முன்னும் பின்னும் தெரியும். வாலில்லாத சிறகோ தூரம் போனால் வெறும் கறுப்புக் கோடு. வருகிறதா போகிறதா என்று பிடிபடாது. மாறி நினைத்தால் இடது வலதாகி, சிறகு கைவிட்டுப் போகும். அதற்கு றொட்னி ஒரு வழி வைத்திருக்கிறார். சந்தேகம் வந்தால் ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலால் இடப்பக்கம் லேசாகத் தட்டுவார். அதுவும் இடப்பக்கம் சாய்ந்தால் எட்டப் போகிறது, வலப்பக்கம் சாய்ந்தால் எதிரே வருகிறது. "அதுக்கிட்டயே கேட்டுக்கிறது" என்பார்.

ஒன்பது மாதத்துக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு செய்தி சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது; இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை தேய்ந்து வருகிறது; போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். றொட்னி இதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்று பயம். ரிமோட் கையை விட்டுப் போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. மருந்துக் குப்பியை அவர் ஒளித்து வைத்த இடத்தைக் கேட்டால் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாது: சுப்பர் குளூ வைக்கும் டப்பாவுக்குள். இரண்டு குப்பியும் ஒரே அளவு, இரண்டுக்கும் வெள்ளை மூடி. பெட்டரியை நூலளவு பார்த்து நகர்த்துகிற மனிதரின் புத்தி அந்த இடத்தில் வேலை செய்யவில்லை.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு. சிறகு நல்ல உயரத்தில் இருந்தது. றொட்னிக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மி நிமிர்ந்தால் வானம் காலி. தலையை அங்குமிங்கும் திருப்பித் தேடினார். அதோ, கறுப்பாக விரிந்த சிறகு! குச்சியை இடப்பக்கம் தட்டினார். அதுவும் இடப்பக்கம் சாய்ந்தது. அப்பாடா என்றிருந்தது. மெல்ல வளைத்தார்; வளைந்தது. அவர் செய்த எந்தச் சிறகும் ஒருநாளும் அவ்வளவு அழகாக வளைந்ததில்லை.

"றொட்னி அண்ணன்! அது பருந்து!" என்று பஹீம் கத்தினார். "ஒங்கட சாமான் அங்கால விழுகுது, பாருங்க!"

வலப்பக்கம், கமுகுகளுக்கு அப்பால், எதுவோ முறிகிற சத்தம் கேட்டது.

"பெட்டரி கழண்டிருச்சு போல" என்றார் றொட்னி. தேடிப்போன பஹீம் எடுத்துவந்த சிறகில் மூக்கு மட்டும் நசுங்கியிருந்தது. பெட்டரி தன் பட்டிக்குள் இறுக்கமாகக் கிடந்தது. குச்சியை அசைத்தால் இரண்டு மடல்களும் ஒழுங்காக ஆடின. பஹீம் எல்லாவற்றையும் பார்த்தார். "ஓ, கழண்டுதான் ஈக்கும்" என்று சொல்லிவிட்டு, போத்தலில் கொண்டுவந்த பிளேன்டீயை ஊற்றப் போனார். ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்று றொட்னிக்குத் தோன்றியது. கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், நசுங்கிய சிறகை மடியில் வைத்தபடி அழுதார். பக்கத்து ஆசனக்காரர் மரியாதையாக யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கை ஒட்டுவதற்குக் குளூ எடுத்துத் தரச் சொல்லி மனைவியைக் கேட்டது அடுத்த மடத்தனம். டப்பாவைத் திறந்த சூசையம்மா இரண்டு குப்பிகளையும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து எழுத்தை வாசித்தார். கத்தப் போகிறார் என்று றொட்னி காத்திருந்தார்.

"பசைக்குள்ள கண் மருந்த ஒளிக்கிற ஆளு இந்தக் கண்டியிலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார் சூசையம்மா. மருந்தைக் கொண்டுபோய் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தார். திரும்பி வந்து, "அந்தச் சாமான் யார் தலையிலயாச்சும் விழுந்தா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் மருந்து விடுவது சூசையம்மாதான். விடும்போது அவர் தாடையைப் பிடித்துக்கொள்கிற பிடியில் கோபம் இன்னும் இருக்கிறது.

மூன்று ஞாயிறுகள் றொட்னி திகனப் பக்கம் போகவில்லை. நாலாவது ஞாயிறு, ஒட்டுப்போட்ட சிறகோடு வயலில் நின்றார். எறிந்தார். மாதாவே என்றார். சிறகு ஏறி, அவர் தலைக்கு மேலே இரண்டு வட்டம் போட்டது. மூன்றாவது வட்டத்தில், கண்ணை அதிலிருந்து எடுக்காமலே ரிமோட்டைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"பஹீம், இந்தாங்க, புடிங்க."

"அல்லாஹ்! நான் வாலுள்ளது மட்டுந்தானே ஓட்டி ஈக்கேன்!"

"புடிங்க. வருதா போகுதான்னு தெரியாட்டி இடப்பக்கம் தட்டுங்க. அதுக்கிட்டயே கேளுங்க."

பன்னிரண்டு வருடத்தில் பறக்கும்போது அந்த ரிமோட் இன்னொருவர் கைக்குப் போனது அன்றுதான். பஹீம் குச்சியை இறுக்கிப் பிடித்ததில் சிறகு ஆட்டம் கண்டது, ஆனால் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அது கமுகுகளுக்கு மேலாக எட்டத்துக்குப் போனது. றொட்னி இரண்டு தடவை தலையைத் திருப்பித் தேடிவிட்டு, பிறகு தேடுவதை விட்டார். தலையைக் குனிந்து வயலின் அரிதாளைப் பார்த்தபடி, தூரத்தில் போகிற மோட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். வயிற்றுக்கு நேரே மடங்கியிருந்த வெறுங்கைகளில், வலது கட்டைவிரல் மட்டும் காற்றை இடப்பக்கமாக லேசாகத் தட்டியது.