தோட்டாவுக்கு ஒரு குளிர்ந்த அறை

சுவிஸின் ஊஸ்டர் நகரில் எங்கள் வீட்டுக்காரரைப் போல ஒழுங்கு பேசியவரை நான் கண்டதில்லை. குப்பைப் பையை எப்படிக் கட்டுவது, ஞாயிற்றுக்கிழமை ஏன் உடுப்புத் தோய்க்கக் கூடாது என்றெல்லாம், எண்பதுகளில் அகதியாக வந்திறங்கிய எனக்கும் என்னோடு கூரையடி அறையில் இருந்த, நான் அண்ணை என்று கூப்பிட்ட இன்னோர் அகதிக்கும் பாடம் எடுத்தார். ஊருக்குத்தான் உபதேசம். அவரோ, துப்பாக்கி சுடும் சங்கத்துத் தோட்டாக்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, நிலவறையில் எண்ணெய்க் கொதிகலனுக்கு மேலே வைத்திருந்தார். கொள்ளிக்கட்டையால் தலை சொறிகிற மனிதரிடம்தான் நாங்கள் ஒழுங்கு படித்தோம்.

ஒருநாள் வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்க முகவர் வந்தார். டின்னைக் கண்டு முகம் சுளித்தார். சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் பூட்டி வைக்காமல் வீடு தீப்பிடித்தால், இழப்பீடு கிடைப்பது சந்தேகம் என்றார். மேலே ஏறி வந்தவர், பிள்ளையார் படத்துக்கு முன் எரிந்த சிறு விளக்கையும் கண்டார். மரக்கூரைக்குக் கீழே நெருப்பு வேண்டாம் என்றார். நியாயமான பேச்சு, குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரரின் மூளையைத்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டிலேயே ஹீட்டர் இல்லாத அறை எங்களுடையது. அன்று பின்னேரமே விளக்கை எடுக்க வைத்தார். தோட்டாக்களை ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கொண்டுவந்து, அண்ணையின் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். நாங்கள் குளிரில் நடுங்கியபோது வராத அக்கறை தோட்டாவுக்கு வந்தது.

அண்ணை நின்றபடியே சொன்னார்:

"ஊரில எங்கட வீட்டு முத்தத்தில ஒரு வெறும் தோட்டாக் கோது கிடந்ததுக்குத்தான் ஆமிக்காரன் என்ர தம்பியைக் கொண்டுபோனவன். இதுக்கு மேல நான் படுக்கிறதோ?"

"இந்தக் குளிருக்க எங்க அண்ணை போவியள்? எங்களுக்கு ஆர் அறை தரப்போறாங்கள்?"

"ஸ்டேஷனில எண்டாலும் இருப்பன். போறன்."

நான் கீழே ஓடி, பெட்டியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். முகவர் சொன்னபடி செய்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார் வீட்டுக்காரர். திரும்பி வந்தபோது அண்ணை பையைக் கட்டியிருந்தார். நான் மறித்தும் நிற்கவில்லை.

மறுநாள் அண்ணை போன சங்கதியைச் சொன்னதும் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு மேலே ஓடிவந்தார். இந்த மனிதருக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறதாக்கும் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். அவர் பெட்டியை இழுத்துத் திறந்து, அண்ணையின் வெறுங்கட்டிலில் உட்கார்ந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"எல்லாம் இருக்கிறது" என்றார்.